சட்டி திறக்கிற மிஸி

அவர் வருவது ஒருநாளும் முன்கூட்டித் தெரியாது. ஸ்கூட்டியை வாய்க்கால் மதகடியில் நிற்கும் மருத மரத்தின் கீழ் விட்டுவிட்டு, மிச்ச ஒழுங்கையை நடந்தே வருவார். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் நாங்கள் சட்டியை மாற்றி வைத்துவிடுவோம் என்பது அவருடைய எண்ணம். வேலிப் படலையைத் திறந்தால் முன் கதவுக்கு வரமாட்டார். வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே குசினிக்குத்தான். நாங்கள் "ஆரது?" என்று எட்டிப் பார்ப்பதற்கிடையில் ஏதாவது ஒரு சட்டியின் மூடி அவர் கையில் இருக்கும்.

"கத்தரிக்காய். பேந்து?"

வணக்கம், சுகமா, எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அரசாங்கக் கடிதங்களில் அவர் குடும்பநல உத்தியோகத்தர். எங்கள் குடியேற்றத் திட்டத்தில் எல்லாருக்கும் மிஸி. அவர் இல்லாத இடத்தில் சட்டி திறக்கிற மிஸி. கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. அந்த வேலையை அவர் களவு பிடிக்கப் போகிறவர் மாதிரித்தான் செய்தார். ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். மெலிந்த உடம்பு, இறுக்கிப் போட்ட கொண்டை, எதைச் சொன்னாலும் கொஞ்சம் சரிந்து பார்க்கிற பார்வை. கேட்டால் சொல்லுவார்: "என்னை நம்புறதுக்கு வேலைக்கு எடுக்கேல்லை. பாக்கிறதுக்குத்தான் எடுத்தவை."

எங்களுடைய வாயை அவர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. நாங்கள் சொல்லி முடிக்கும் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார். பிறகு பெருவிரலால் கண்ணின் கீழ் மடலை இழுத்துப் பார்ப்பார். நகத்தை அழுத்திவிட்டு இரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்லுவார். "நீ சொன்னது ஒண்டு, உன்ரை கண் சொல்லுறது வேறை ஒண்டு" என்று விட்டு, கண் சொன்னதைத்தான் எடுத்துக்கொள்வார்.

நியாயமாகச் சொன்னால், அவர் அப்படி ஆனதற்கு எங்கள் ஆட்களும் காரணம். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தாள். மிஸி எப்போது போனாலும் அந்த வீட்டுக் குசினியில் ஒரு கிண்ணத்துக்குள் ஒரு முட்டை இருக்கும். "இண்டைக்கு அவிச்சுத் தின்னத்தான் மிஸி வைச்சிருக்கிறன்" என்பாள் அவள். ஒருநாள் அவள் அடுப்புப் பக்கம் திரும்பிய நேரத்தில் மிஸி அந்த முட்டையின் அடியில் பேனையால் ஒரு புள்ளடி போட்டுவிட்டு வந்துவிட்டார். அடுத்த முறை போனபோது கிண்ணத்தில் முட்டை இருந்தது. புரட்டிப் பார்த்தால் புள்ளடியும் இருந்தது. மிஸி முட்டையை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கல்லில் போட்டு உடைத்தார். அன்றைக்கு அந்த ஒழுங்கையில் ஒருவரும் மத்தியானச் சோறு தின்னவில்லை.

"வயித்துக்குள்ளை போகவேண்டிய நேரத்திலை போயிருந்தால் உது உப்பிடி நாறியிராது" என்றாராம். மற்ற முட்டைகளெல்லாம் புருசனுக்குப் போய்க்கொண்டிருந்த விசயம் அதற்குப் பிறகுதான் வெளியில் வந்தது.

இன்னொரு வீட்டில், கர்ப்பிணிகளுக்கு என்று கிளினிக்கில் கொடுக்கிற சத்துமாவைக் கோழிக்குஞ்சுகளுக்குக் குழைத்து வைத்திருந்தார்கள். மிஸி கூட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "குஞ்சுக்குத்தான் இரத்தம் வடிவா ஏறியிருக்கு. அடுத்த கிளினிக்குக்கு அதைக் கூட்டிக்கொண்டு வா, நீ வீட்டிலை நில்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். அவர் சிரித்து நான் கண்டது குறைவு.

திட்டிக்கொண்டே நல்ல விசயமும் சொல்லுவார், அதை மறைக்கக்கூடாது. முருங்கையிலையை வறுத்து இறக்கின பிறகுதான் தேசிக்காய்ப் புளி விட வேண்டும், அடுப்பில் இருக்கும்போது விட்டால் புளிதான் இருக்கும், சத்துப் போய்விடும் என்பார். நெத்தலியின் தலையைக் கிள்ளி எறிகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "சொந்த வயல் நெல்லு. அதை மில்லிலை குடுத்துத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கி, சத்தைத் தவிட்டோடை அங்கை விட்டிட்டு வாறியள். பேந்து கிளினிக்கிலை வந்து சத்துமா தாங்கோ எண்டு நிக்கிறியள்" என்று என் கணவரையே ஒருநாள் பிடித்தார். கணவர் அன்றையிலிருந்து மில்லில் சிவப்பரிசியைப் பாதித் தீட்டோடு நிறுத்தச் சொன்னார். எனக்கு அந்தச் சோறு முதலில் தொண்டையால் இறங்கவில்லை. இப்போது வெள்ளைச் சோறு இறங்குவதில்லை.

ஆனால் ஊருக்கும் அவர்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. அவர் எங்கள் வீடுகளில் எதையும் வாயில் வைப்பதில்லை. தேத்தண்ணி கொடுத்தால் வேண்டாம், இளநீர் வெட்டினால் வேண்டாம். தோளில் தொங்கும் பையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தல் இருக்கும். வெய்யிலில் நடந்து வந்து, எங்கள் கிணற்றடியிலேயே நின்று, தன் போத்தலைத் திறந்து குடிப்பார். எங்கள் பக்கத்தில் இதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சாதி பார்க்கிறா என்றுதான் எடுத்தார்கள். மலையகத்திலிருந்து வந்து எங்களுக்கு அடுத்த காணியில் இருக்கிற அக்கா ஒருநாள் வேலியோரம் நின்று சொன்னார்: "பச்சத் தண்ணிகூட வேணாங்கிறாங்க. நம்ம வீட்டு ஏனம் ஆகாதாக்கும்."

நான் அப்போது கர்ப்பிணி. அதை அவரிடமே கேட்டேன். கர்ப்பிணியாக இருந்தால் கொஞ்சம் வாய்த் துணிவும் வந்துவிடும். அவர் என்னைச் சரிந்து பார்த்தார்.

"தேத்தண்ணி குடிச்ச வீட்டிலை சட்டி திறக்கேலாது பிள்ளை. குடிச்சிட்டால் பேந்து முகம் பாக்கவேணும். எனக்கு முகம் பாத்து வேலை செய்யேலாது."

பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் முழுக்க நம்பவில்லை. அவரோடு பழகினால் அப்படித்தான், நமக்கும் அது தொற்றிக்கொள்ளும். அவருக்கு ஏன் இந்தக் குணம் வந்தது என்பதற்கும் ஊரில் கதைகள் இருந்தன. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் ஒரு தாய் "நான் சாப்பிட்டனான் மிஸி" என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனாளாம், அதற்குப் பிறகுதான் இப்படி என்று ஒரு கதை. அந்தத் தாய் அவருடைய சொந்தத் தங்கச்சி என்று இன்னொரு கதை. பிறக்கும்போதே இப்படித்தான் என்றார் என் மாமி. எது உண்மை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமி என்றால் என் கணவரின் தாய். தீவுப் பகுதியில் பிறந்து, கலியாணம் முடித்த கையோடு காடு வெட்டிக் காணி எடுக்க வந்தவர். மாமாவைப் பறிகொடுத்து, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கூரை போட்டு, மறுபடியும் ஒரு பசு வாங்கிக் கட்டியவர். அந்தப் பசுவை வேறு ஒருவரும் கறக்க விடமாட்டார். கறப்பதும் காய்ச்சுவதும் ஊற்றுவதும் அவரேதான். எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை, பெரிய ஒட்டும் இல்லை. அவர் தன் மகனுக்குத் தன் தமையன் மகளைக் கேட்டு வைத்திருந்தவர். நான் இடையில் வந்தவள். அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தது எனக்குச் சுகமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கிளினிக்கில் முதல் முறை இரத்தம் பார்த்தபோதே குறைவு என்றார்கள். மிஸி கண் மடலை இழுத்துப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கை வெள்ளைத் துணி மாதிரி இருக்கு" என்றார். இரும்புச்சத்துக் குளிசை சிவப்பு, கல்சியக் குளிசை வெள்ளை. சிவப்பை மத்தியானம் சாப்பிட்ட பிறகு போடு, வெள்ளையை இரவில் போடு, இரண்டையும் சேர்த்துப் போடாதே, ஒன்று மற்றதை உள்ளே விடாது என்றார். பிறகு விரலை நீட்டி, வாசலில் நின்ற மாமிக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"தேத்தண்ணி மட்டும் குடியாதை. தேத்தண்ணியோடை குளிசை போடுறதும், குளிசையைக் கிணத்துக்குள்ளை போடுறதும் ஒண்டுதான்."

எங்கள் வீட்டில் சோறு தின்று கை கழுவ முன்பே பால் விடாத பிளேன்ரீ வந்துவிடும். பாத்தியில் நிற்கிறவர்களுக்கும் போகும், படலையில் நின்று கதைக்கிறவர்களுக்கும் போகும். கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம், சிறுநீரகம் பழுதாகும் என்ற பயம் ஒன்று எங்கள் பகுதியில் இருக்கிறது. அதனால் வெறும் தண்ணீரைவிடக் கொதித்த தேத்தண்ணியில்தான் எல்லாருக்கும் நம்பிக்கை. அப்படிப்பட்ட வீட்டில் மாமி அன்று பின்னேரமே தேயிலைப் பேணியை எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார். எனக்கு மட்டுமில்லை, வீட்டுக்கே தேத்தண்ணி நின்றது. என் கணவர் சந்திக் கடையில் போய்க் குடித்துவிட்டு வந்தார்.

நான் ஒழுங்காகத்தான் குளிசை போட்டேன். முருங்கையிலை தின்றேன், குளத்து மீன் தின்றேன், கௌபிப் பயறு அவித்துத் தின்றேன். இரத்தம் ஏறவில்லை. அடுத்த கிளினிக்கிலும் ஏறவில்லை. இப்படியே போனால் உள்ளூர் ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு பார்க்க முடியாது, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்றார் டொக்டர். எங்கள் திட்டத்திலேயே ஒருத்தி பெறும்போது இரத்தம் போய்ச் செத்தவள். அவளுடைய வீட்டைக் கடந்துதான் நான் கிளினிக்குக்குப் போவேன்.  பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் ஒன்று, நானே இருப்பேனோ என்ற பயம் இன்னொன்று.

மிஸிக்குப் பயம் இல்லை, சந்தேகம்தான். முதலில் என்மேல். "கறுப்பாப் போகுதோ?" என்று கேட்டார். இரும்புக் குளிசை வயிற்றுக்குள் போனால் மலம் கறுக்குமாம். "ஓம்" என்றேன். அதையும் நம்பவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து தென்னையடி, கோழிக்கூட்டடி, கக்கூஸுக்குப் பின்பக்கம் எல்லாம் ஒரு தடியால் கிளறிப் பார்த்தார். எறிந்த குளிசை ஒன்றும் அகப்படவில்லை. பிறகு தேத்தண்ணி. கழுவி வைத்த கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மணந்தார். வாழையடியில் தேயிலைச் சக்கை கிடக்கிறதா என்று பார்த்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. வயிற்றில் பூச்சியோ என்று பூச்சிக் குளிசை தந்து பார்த்தார். கடைசியாக என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையைச் சொல்லு. மாமி உனக்குச் சோறு காணத் தாறவாவோ?"

"ஓம் மிஸி. எனக்குத்தான் முதல் போடுறவா."

"மீன்?"

"நடுத்துண்டு எனக்குத்தான்."

"பால்?"

"ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பை தாறவா. நான் குடிச்சு முடிக்கும் மட்டும் பக்கத்திலையே நிப்பா."

அவர் கண்கள் சுருங்கின. "கறக்கிறதும் அவா. காய்ச்சுறதும் அவா. கொண்டுவாறதும் அவா. நீ குடிக்கிறியோ எண்டு நிண்டு பாக்கிறதும் அவா. ஏன், உனக்குக் கை இல்லையோ?"

நான் அதுவரை அப்படி யோசித்ததே இல்லை. அன்று மத்தியானம் மாமி பாலோடு வந்து நின்றபோது முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி வாய் இறங்கும் மட்டும் பார்த்தார். கோப்பையின் அடியில் மண்ணிறமாக ஏதோ கிடந்தது.

"இதென்ன மாமி?"

"பனங்கட்டி. அடியிலை மண் கிடக்கும், அதை விடு" என்று கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்.

பனங்கட்டியில் மண் கிடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விசயம். ஆனால் சந்தேகம் பிடித்த பிறகு மண் மண்ணாகத் தெரிவதில்லை. தமையன் மகளின் ஞாபகம் வந்தது. அவள் இன்னும் கலியாணம் செய்யவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. பால் ஒருநாள் கசந்தது மாதிரி இருந்தது, ஒருநாள் ஏதோ கெட்ட மணம் மணத்தது மாதிரி இருந்தது. கணவரிடம் சொல்ல முடியுமா? பெற்ற தாய் அல்லவா. இப்படி நினைக்கிற நான் மனிசிதானா என்றும் அழுகை வந்தது. ஆனால் நினைப்பு நிற்கவில்லை.

அடுத்த முறை வந்தபோது மிஸி தீர்ப்பையே கையோடு கொண்டுவந்திருந்தார். "வாற கிளினிக் வரும் மட்டும் அவா தாற பாலைக் குடியாதை. வாங்கு, வைச்சிரு, அவா அங்காலை போக ஊத்து. ஆருக்கும் மூச்சு விடாதை. பாப்பம்."

அப்படியே செய்தேன். "சூடாக் கிடக்கு மாமி, ஆறக் குடிக்கிறன்" என்பேன். மாமி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மாட்டடிக்குப் போவார். பாலை முருங்கையடியில் ஊற்றிவிடுவேன். எனக்கு அந்த நாள்களில் வாய் புளிப்பைத் தேடியது. தேசிக்காயைப் பிழிந்து உப்புப் போட்டுக் கரைத்து அதோடு குளிசையை விழுங்கினேன். முருங்கை அந்த மாதம் தளதளவென்று துளிர்த்தது.

கிளினிக்கில் இரத்தம் பார்த்தார்கள். ஏறியிருந்தது. நல்லாகவே ஏறியிருந்தது. டொக்டர், "இப்பிடியே போனால் யாழ்ப்பாணம் தேவையில்லை" என்றார். நான் சந்தோசப்பட வேண்டியவள். மிஸி என்னைப் பார்த்தார். "பாத்தியோ?" என்று மட்டும் கேட்டார்.

மோட்டார் சைக்கிளில் வீடு வரும் மட்டும் கணவரின் முதுகுக்குப் பின்னால் அழுதுகொண்டு வந்தேன். பாலைக் குடித்தபோது ஏறாத இரத்தம் பாலை ஊற்றியபோது ஏறியிருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த வீட்டிலேயே, அந்தக் கையாலேயே பிள்ளையை வளர்க்க வேண்டுமா? அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று வழியிலேயே முடிவெடுத்துவிட்டேன்.

மறுநாள் மிஸியின் ஸ்கூட்டி முதல்முறையாகச் சத்தத்தோடு எங்கள் முற்றத்துக்குள் வந்தது. குசினிப் பக்கம் போகவில்லை. முன் விறாந்தையில் நின்று, "அம்மா, ஒருக்கா வாங்கோ" என்று மாமியைக் கூப்பிட்டார். நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கணவர் வயலில்.

"இந்தப் பிள்ளைக்குக் குடுத்த பாலிலை என்ன கலந்தனீங்கள்?"

மாமி சீலைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி வந்தவர் அப்படியே நின்றார். மிஸியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"முருங்கையடியிலை பூனை நக்கிறதை நான் காணேல்லை எண்டோ நினைச்சனி?" என்று என்னிடம்தான் கேட்டார். "வயித்தைப் புரட்டிச் சத்தி வருதாக்கும், சொல்ல வெக்கப்படுறாளாக்கும் எண்டு இருந்திட்டன்."

 மாமி உள்ளே போனார். அன்றைய பாலைச் சட்டியோடு கொண்டுவந்து, அப்படியே எங்கள் இருவருக்கும் முன்னால் வாயில் வைத்துக் குடித்தார். பால் கழுத்தால் வழிந்து சட்டையை நனைத்தது. சட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, "நான் இஞ்சைதான் இருக்கிறன். செத்துப்போறனோ எண்டு பாத்திட்டுப் போங்கோ" என்று சுவரில் சாய்ந்து இருந்தார்.

மிஸி அசையவில்லை. ஆனால் அவருடைய குரலில் ஏதோ தளர்ந்தது. "எந்த நேரத்திலை குடுக்கிறனீங்கள்?" என்று கேட்டார்.

"குளிசை போடேக்கை. வேறை எப்ப? உந்தச் சிவத்தக் குளிசை வயித்தை எரிக்குமெண்டு இவள் முதல்நாளே சுருண்டு படுத்தவள். தேத்தண்ணி குடுக்கக்கூடாது எண்டியள். சரியெண்டு தேயிலைப் பேணியையே எடுத்து வைச்சன். வெறும் தண்ணியோடை எப்பிடிக் குடுக்கிறது? இந்தத் தண்ணி என்ன தண்ணி? அதுதான் பாலோடை குடுத்தனான். பால் நல்லதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

மிஸி கதிரையில் இருந்தார். எங்கள் வீட்டுக் கதிரையில் அவர் இருந்தது அன்றைக்குத்தான். நிலத்தில் கிடந்த சட்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பாலிலையும் அந்த வெள்ளைக் குளிசையிலை இருக்கிற கல்சியம்தான் அம்மா. அது இரும்புச்சத்தை உடம்பிலை வடிவாச் சேர விடாது."

"அப்ப பால் நஞ்சோ?"

"இல்லை. பாலும் நல்லது, குளிசையும் நல்லது. ஒரே நேரத்திலை குடுக்கக்கூடாது. அவ்வளவுதான்." பிறகு, "நான் கேட்டிருக்கவேணும்" என்றார்.

அவர் வாயிலிருந்து மன்னிப்புக்குக் கிட்ட வந்த சொல் அது ஒன்றுதான். வெள்ளையும் சிவப்பும் சேரக்கூடாது என்று கிளினிக்கில் தொண்டை கிழியச் சொன்னவர் அவரேதான். 'போட்டியோ?' என்று கேட்டார், 'உண்மையாப் போட்டியோ?' என்று கேட்டார், மலத்தின் நிறம் வரை கேட்டார். 'எதோடை போட்டனி?' என்று மட்டும் கேட்கவில்லை. எதிரில் நிற்பவள் பொய் சொல்கிறாள் என்று முடிவெடுத்த பிறகு அந்தக் கேள்வி வாயில் வராது. எனக்கும்தான் வரவில்லை. பால்தான் முழுக் காரணம் என்றும் டொக்டர் பிறகு சொல்லவில்லை. பூச்சிக் குளிசையும் தேசிக்காயும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கும் என்றார். எதுவாக இருந்தாலும், மாமியின் அன்புதான் என் இரத்தத்தைத் தடுத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

மிஸி எழுந்து போனார். ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டுதான் படலையைத் தாண்டினார்.

அதற்குப் பிறகும் மாமி பால் தந்தார். பின்னேரத்தில், குளிசைக்கு எட்டத் தள்ளி. ஆனால் விறாந்தைக் குந்தில் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விடுவார். பக்கத்தில் நிற்கமாட்டார். நான் குடிக்கிறேனா இல்லையா என்று திரும்பிப் பார்க்கவும் மாட்டார். "மாமி, நில்லுங்கோவன்" என்று எத்தனையோ தரம் சொல்ல வாய் எடுத்தேன். அழுதும் பார்த்தேன், காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பார்த்தேன். "சரி, விடு" என்பார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. என் கணவரிடம் அவர் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தபோது எனக்கு இன்னும் நெஞ்சு வலித்தது.

மகள் எங்கள் உள்ளூர் ஆஸ்பத்திரியிலேயே பிறந்தாள். யாழ்ப்பாணம் போகத் தேவை வரவில்லை. பிள்ளையை முதலில் வாங்கியது மாமிதான். வாங்கி, முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல சிவப்பு" என்றார். நிறத்தைச் சொன்னாரா இரத்தத்தைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மிஸி வரத்தான் வேண்டும், அது அவர் வேலை. வருவாரோ, வேறு ஆளை அனுப்புவாரோ என்று நான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். வந்தார். ஸ்கூட்டிச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் குசினிப் பக்கம் போகாமல் முன்வாசலால் வந்து, பிள்ளையைப் பார்த்து, கொப்பூழைப் பார்த்து, என் கண் மடலை இழுத்துப் பார்த்தார். "குளிசை போடுறியோ?" என்றார். "ஓம்" என்றேன். "எதோடை?" என்றார்.

"தேசிக்காய்த் தண்ணியோடை."

அப்போது மாமி உள்ளே வந்தார். கையில் ஒரு கோப்பை பால். என் பக்கம் வரவில்லை. மிஸிக்கு முன்னால் இருந்த மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். எனக்கு நின்ற மாதிரி.

மிஸி கோப்பையைப் பார்த்தார். தன் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தார். இந்தத் திட்டத்தில் ஒரு வீட்டிலும் வாய் நனைக்காதவர்.  அவர் கோப்பையை எடுத்தார். மணந்து பார்த்தார், அது அவரால் விட முடியாத பழக்கம். பிறகு ஒரு வாய் குடித்தார். நாக்கில் வைத்து யோசித்தார்.

"தண்ணி கலந்திருக்கு" என்றார்.

"ஓம்" என்றார் மாமி. "கண்டுபிடிக்கிறியளோ எண்டு பாக்கத்தான்."

மிஸி மாமியை நிமிர்ந்து பார்த்தார். சரிந்து பார்க்கவில்லை. பிறகு மிச்சத்தையும், அடியில் கிடந்த பனங்கட்டி மண் வரும் மட்டும், ஒரே மூச்சில் குடித்தார். கோப்பையை வைத்தார், வாயைத் துடைத்தார், எழுந்தார். நேரே குசினிக்குள் போனார்.

பெற்ற உடம்புக்கென்று மாமி எனக்குக் காய்ச்சி வைத்த சரக்குக் கறிச் சட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

மாமி நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "உப்புக் காணுமோ எண்டும் ஒருக்காப் பாருங்கோ மிஸி." சொல்லிவிட்டு, அன்று சட்டியோடு பாலைக் குடித்த பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.